எங்களுக்கு இந்த வருஷம் தீவாளி இல்லை

நாற்பதை நெருங்கிவிட்டோம், ஒப்புக்கொள்ளுங்கள். உங்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி வந்தாகிவிட்டது. மீதிப் பேர் வீம்புக்குப் போடாமல் செல்போனைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கிறீர்கள். எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் கடகடவென்கிறது. ஆகவே பழைய கதை பேச இனிமேல் நமக்கு முழு உரிமை உண்டு.

இதை நம்ம செட்டுக்காகத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று தெற்கேயிருந்து பெட்டி படுக்கையோடு கிளப்பிக்கொண்டு வரப்பட்டு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து லைன் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் நாம். பள்ளிக்கூடத்தில் நாம் 'சொல்லுதேன்' என்றால் வகுப்பே சிரித்தது. லீவுக்கு ஊருக்குப் போனால், 'ஏட்டி, ஒரு தடவ இன்னான்னு சொல்லு' என்று அங்கேயும் சிரித்தார்கள். எங்கே போனாலும் நாமே இலவச சினிமா.

தீபாவளி என்றால் நமக்கு முதலில் நினைவு வருவது பஸ்தானே. பலகாரம், பட்டாசு, புதுத் துணி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஜன்னலோரச் சீட்டுக்கு அண்ணன் தம்பியோடு அடிதடி, குமட்டினால் முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம், அப்பா மடியில் வைத்துக்கொள்ளும் ரெக்ஸின் பை. அந்தப் பையின் ஜிப் எந்த வீட்டிலும் சரியாக மூடியதில்லை. விடிகிறபோது கோவில்பட்டி தாண்டி கரிசல் மண் தெரிந்ததும் எல்லா அம்மாக்களும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்து தலையைக் கோதிக்கொள்வார்கள்.

நான் சொல்ல வந்தது பஸ் ஏறாத ஒரு தீபாவளியைப் பற்றி. நான் அப்போது நாலாம் வகுப்பு.

நாங்கள் குடியிருந்தது சேரப்பணஞ்சேரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தெரு. வீட்டுக்காரம்மாவின் வீடு முன்னால், அவர்கள் கட்டி வாடகைக்கு விட்ட ஆறு அறை லைன் வீடு பின்னால். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாசல், ஒரே இரும்பு கேட். அந்த கேட்டைத் திறந்தால் ஆடு கத்துவது மாதிரி ஒரு சத்தம் வரும். அப்பா ஷிப்ட் முடிந்து வருவதைத் தெருவே அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும்.

அம்மாவுக்கு அந்த ஊரில் எதுவும் பிடிக்கவில்லை. தண்ணீர் உப்பு, இட்லி கல்லு, வெயில் ஒட்டுகிறது என்று தினம் ஒரு குறை. எல்லாவற்றையும்விட அவளால் பொறுக்க முடியாதது வீட்டுக்காரம்மாவின் பேச்சு. சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்தவள் அம்மா. அங்கே எதிர்வீட்டு நாயைத் தவிர மற்ற எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே வீட்டுக்காரம்மா முதல் நாளே, "இன்னாமா, தண்ணி புட்சிகினியா நீ?" என்று கேட்டார். அந்த 'நீ'யை அம்மா இரண்டு வருஷம் மறக்கவில்லை. 'வாடகைக்கு இருக்கோம்னு எளக்காரம்' என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். வீட்டுக்காரம்மா தன் வீட்டுக்காரரையும், சொந்த அண்ணனையும், ஏன், பிள்ளையாரையும் நீ என்றுதான் கூப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். நான்தான் பாதி நாள் அந்த வீட்டில் கிடப்பேனே. ஆனால் சின்னப் பிள்ளை சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்தே அம்மா நாள் எண்ணத் தொடங்கிவிட்டாள். எனக்குத் தீபாவளிப் பாவாடை சட்டை ஊரில் பெரியம்மா வீட்டுப் பக்கத்துத் தையற்காரரிடம் தைக்கக் கொடுத்தாயிற்று. மயில் கழுத்துக் கலர். நான் இன்னும் கண்ணால்கூடப் பார்க்காத பாவாடையைப் பற்றி வகுப்பில் ஒருத்தி விடாமல் பீற்றிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அப்பா வேலை பார்த்தது காருக்கு சீட் தைக்கிற கம்பெனியில். ஏதோ அவசர ஆர்டராம், லீவெல்லாம் ரத்தாம், தீபாவளியன்றைக்கும் அவர் லைனில் முதல் ஷிப்ட் ஓடுமாம். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பொங்கலுக்கும் இப்படித்தான் கடைசி நேரத்தில் கையை விரித்திருந்தார்கள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நிதானமாகச் சொன்னாள்:

"அரைப் பரீட்ச முடிஞ்ச கையோட இவளுக்கு டிசி வாங்கிருதேன். நானும் பிள்ளையும் ஊர்ல இருந்துக்கிடுதோம். நீங்க உங்க கம்பெனியக் கட்டிக்கிட்டு அழுங்க."

அம்மா கத்தினால் பயமே இல்லை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நிதானமாகப் பேசினால்தான் பயம். அப்பா முகம் கழுவப் போனார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊர் எனக்கு இனிக்கும்தான், ஆனால் அப்பா இல்லாத ஊரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வாரத்துக்கு ஒரு தடவை போனில் பேசுகிற அப்பா உள்ள பிள்ளைகள் அங்கே எங்கள் தெருவில் இரண்டு பேர் இருந்தார்கள். போன் வந்தால் ஓடி வந்து, என்ன பேசுவதென்று தெரியாமல் ஒயரை முறுக்கிக்கொண்டு நிற்பார்கள். நானும் அப்படி நிற்கப்போகிறேன் என்று நினைத்து அழுகையாக வந்தது. அன்றிலிருந்து சாமி கும்பிடும்போதெல்லாம் மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான். அம்மா மனசு மாற வேண்டும், டிசி வாங்கக் கூடாது.

மறுநாள் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. நமக்கெல்லாம் வீட்டுக்காரர் வீட்டு டெலிபோன்தானே அப்போது. டிவிக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணி உறை போர்த்தி, டயலில் குட்டிப் பூட்டு மாட்டி உட்கார்ந்திருக்கும். அம்மா ரிசீவரைக் காதில் வைத்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"இந்த வருசம் எங்களுக்குத் தீவாளி இல்லக்கா," என்றாள். "எல்லாம் முடிஞ்சு போச்சு." அப்புறம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஒரே அழுகை. வீட்டுக்காரம்மா சமையல்கட்டு வாசலில் கரண்டியும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருவர் 'எங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லை' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அர்த்தமில்லை. வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வடக்கோ தெற்கோ, இதில் மட்டும் நம் ஜனங்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது. அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கமாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யார், என்ன என்று பண்டிகை நேரத்தில் கிளறிக் கேட்கக் கூடாது. அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியும். அழுகிற வேகத்தில் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா எங்கள் அறைக்கு வந்தார். வாசல்படி தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நடந்த பேச்சை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் தனியாகச் சிரிக்கிறேன்.

"எதிர்பாக்கவே இல்லியாமா?" என்றார் வீட்டுக்காரம்மா.

"இல்லம்மா. கடைசி வரைக்கும் எப்படியும் கிடைச்சிரும்னுதான் இருந்தோம்," என்றாள் அம்மா.

"இன்னா பண்றது. எல்லாம் மேல கீறவன் பாத்து பண்றது."

"மேல இருக்கவனா? அவனுக்கு மனசாட்சியே கிடையாதும்மா. பொங்கலுக்கும் இதேதான் செஞ்சான்."

அம்மா சொன்னது அப்பாவின் மேனேஜரை. வீட்டுக்காரம்மா கேட்டதோ வேறு கணக்கு. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பத்து மாதத்துக்குள் இரண்டு சாவு. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்படியெல்லாம் சாமியைச் சொல்லாதே என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். ஒரு லீவுக்காக இந்தம்மா இவ்வளவு வருத்தப்படுகிறாரே என்று அம்மா ஆச்சரியப்பட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் லைனில் ஆறு கதவில் ஐந்தில் பூட்டுத் தொங்கியது. எல்லாரும் ஊருக்குப் போயாயிற்று. தெரு முழுக்க எண்ணெய் வாசனை. அதிரசப் பாகு காய்கிற வாசனை காற்றில் வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. எங்கள் அடுப்பில் ரசம் கொதித்தது. அடுத்தவன் ஊரில், வாடகை வீட்டில் நமக்கென்ன தீவாளி என்பது அம்மாவின் கட்சி. நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் தட்டுகள் வரத் தொடங்கின.

முதலில் எதிர்வீட்டு அக்கா. எவர்சில்வர் தட்டில் அதிரசமும் முறுக்கும், மேலே ஒரு துணி மூடி. வந்தவர் சத்தமில்லாமல் அம்மாவிடம் கொடுத்து, அவள் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் மூலைவீடு. அப்புறம் ரேஷன் கடைக்காரர் வீடு. அடுத்து, அம்மா ஒரு நாளும் முகம் பார்த்துப் பேசியிராத இரண்டு வீடுகள். இருட்டுவதற்குள் ஏழு தட்டு. வருகிறவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குக் கொடுமா, நீயும் ரெண்டு வாய் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனார்கள். எனக்கு அதிருஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. எந்த வீட்டு அதிரசம் மெத்தென்று இருக்கிறது, எந்த வீட்டு முறுக்கில் உப்பு தூக்கல் என்று அன்றைக்கே என்னால் சர்டிபிகேட் கொடுக்க முடிந்தது.

அம்மாவுக்கோ தவிப்பு. எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுத்தால் அதைவிட அவமானம் கிடையாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட வேண்டும். 'ஏழு தட்டுட்டி, ஏழு தட்டு!' என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா இதையெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி மூன்றாவது அதிரசத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளியன்று விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து அப்பாவை அள்ளிக்கொண்டு போய்விட்டது. எனக்கு எண்ணெய்க் குளியல் இல்லை. பரட்டைத் தலையோடு பழைய கவுனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரம்மாவின் பெண்ணுக்கு அந்த வருஷம் தலை தீபாவளி. வாலாஜாபாத்திலிருந்து புது மாப்பிள்ளை ஒரு சாக்கு நிறையப் பட்டாசோடு வந்து இறங்கியிருந்தார். முந்தின நாளே அந்தச் சாக்கை நான் பார்த்து வைத்திருந்தேன். அது வெடிக்கப்போகிற இடம் நம்ம வாசல்தானே, பாவாடை இல்லாவிட்டாலும் பட்டாசாவது உண்டு என்று ஆறுதலாக இருந்தது. ஆனால் நடந்தது வேறு. மாப்பிள்ளை சாக்கைத் தூக்கித் தோளில் போட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். பின்னாலேயே தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும். எங்கள் ஜன்னலுக்கு நேராக வந்ததும் எல்லாரும் சொல்லி வைத்தது போல வாயை மூடிக்கொண்டார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தியா?" என்றாள் பின்னால் நின்ற அம்மா. "நாம இருக்கோம்னு வாசல்ல ஒரு வெடி போட மாட்டேங்காவ. பலகாரம் கொடுத்து தர்மம் பண்ணியாச்சு, அத்தோட சரி."

அவள் குரல் கம்மியிருந்தது. டிசி உறுதி என்று அந்த நிமிஷம் முடிவு கட்டினேன்.

ரோஷம் வந்தால் அம்மா சமையல்கட்டுக்குத்தான் போவாள். தர்மமா செய்கிறீர்கள், இதோ பாருங்கள் என்று டப்பாக்களை இறக்கினாள். வறுத்த பாசிப்பயறு, ஊரிலிருந்து வந்த கருப்பட்டி, தேங்காய், எள்ளு, ஏலக்காய். முந்திரிக்கொத்து செய்யப்போகிறாள்! பெயரில்தான் முந்திரி, உள்ளே ஒரு பருப்பு கிடையாது, உங்களுக்குத் தெரியும். பயற்று மாவைக் கருப்பட்டிப் பாகில் பிசைந்து உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டி, அரிசி மாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போடுவது. அந்தத் தெருவில் ஒருத்தரும் கண்டிராத பண்டம். நான் உருட்ட, அம்மா முக்கிப் போட, முதல் ஈடு மஞ்சளாக மிதந்து வந்தது. எண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக வாசலுக்குப் போயிற்று.

அடுத்த நிமிஷம் வீட்டுக்காரம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். அடுப்பையும் சட்டியையும் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாமா நீ, துக்கத்த வெச்சிகினு எண்ண சட்டி வெக்கிற?"

"யாருக்குத் துக்கம்?" என்றாள் அம்மா, ஜல்லிக் கரண்டியை நிறுத்தி.

"தீபாவளி இல்லன்னு நீதான போன்ல சொன்ன?"

"லீவு இல்லன்னுதான் அப்படிச் சொன்னேன்!"

வீட்டுக்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். தெரு பூராவும் சொல்லிவிட்டேனே என்றார். யார் செத்ததாகச் சொன்னீர்கள் என்று அம்மா கேட்டாள். அதுதான் பெரிய கூத்து. வீட்டுக்காரம்மா யாரென்று சொல்லவில்லை, தெரு தானாகவே தீர்மானித்துக்கொண்டுவிட்டது. எதிர்வீட்டில் எங்கள் பெரியப்பா. ரேஷன் கடை வீட்டில் அம்மாவின் மாமியார். மூலைவீட்டில் அம்மாவின் சொந்தத் தம்பி, அதுவும் லாரி மோதி. சாவுக்குக்கூட லீவு கொடுக்காத கம்பெனி விளங்குமா என்று தெரு முழுக்க நாலு நாளாக அப்பாவின் கம்பெனிக்கு அர்ச்சனை வேறு.

தம்பி என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக உயிரோடு இருக்கிற தம்பியைச் சாகடித்துவிட்டார்கள். இப்போது வெடிக்கப்போகிறாள், இந்தக் கணமே பெட்டியை எடுக்கப்போகிறாள் என்று நான் மாவுக் கையோடு சுவரில் ஒண்டிக்கொண்டேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தவள், ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் அந்த வாசலையே பார்த்தாள்.

"அதுக்காகத்தான் இங்க வெடி போடலியா?" என்று கேட்டாள்.

"பின்ன?" என்றார் வீட்டுக்காரம்மா. "ஒரே வாசல். உன் வூட்ல சாவு, என் வூட்டு மாப்ள சரவெடி வெச்சா நல்லா கீதா? ஏரிக்கரைக்குப் போப்பான்னு அனுப்ச்சிட்டேன். தல தீபாவளிக்கு வந்த புள்ள, மூஞ்ச தூக்கினு போச்சி."

அம்மா அடுப்பை அணைத்தாள். கீழே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க ஊர்ல பங்காளி வீட்டுக்காரங்கதாம்மா இப்படி இருப்பாவ," என்றாள். அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா, அழாத, அழாத என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரில் யாரோ ஒருத்தர், லாரி மோதியா என்று மறுபடி கேட்க, பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பெரிய மனுஷிகள் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு இருந்த பயத்தில் என்னால் சிரிக்க முடியவில்லை.

பிறகு தெரு அமளிதுமளிப்பட்டது. வீட்டுக்காரம்மா வீடு வீடாகப் போய்ச் செத்தவர்களை எல்லாம் பிழைக்க வைத்தார். ஆட்கள் வந்தார்கள், சிரித்தார்கள், அம்மாவின் தம்பிக்கு ஆயுசு கெட்டி என்றார்கள், முந்திரிக்கொத்தைக் கடித்துப் பார்த்து இதில் முந்திரி எங்கே என்று கேட்டார்கள். தட்டுகள் நிரம்பித் திரும்பிப் போயின. எந்தத் தட்டு எந்த வீடு என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. தட்டில் வெட்டியிருக்கிற பேரைப் பார்த்துப் போனால், அது அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பரிசு கொடுத்தவர் பேராக இருக்கும். ஏரிக்கரையிலிருந்து திரும்பிய மாப்பிள்ளை, மிச்சமிருந்த சரவெடி முழுவதையும் எங்கள் கதவுக்கு நேராக விரித்து, வஞ்சம் தீர்ப்பது மாதிரி கொளுத்தினார். வாசல் சிவப்புக் காகிதமாகிவிட்டது. எனக்கு வீட்டுக்காரம்மா கையாலேயே எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினார். சீயக்காய் கண்ணில் போய், நான் போட்ட கூச்சல் வெடிச்சத்தத்தைத் தாண்டிக் கேட்டதாம்.

சாயங்காலம் ஆடு கத்துகிற சத்தத்தோடு கேட் திறந்தது. அப்பா ஸ்வீட் பாக்ஸும் கையுமாக, முகமெல்லாம் பல்லாக வந்தார். சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலு நாள் லீவு வாங்கிவிட்டாராம். நாளைக்குச் சாயங்காலம் செங்கல்பட்டுக்குப் போய் ஊருக்கு பஸ் பிடித்துவிடலாமாம். அம்மா சந்தோஷத்தில் குதிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அம்மா சரி என்று மட்டும் சொன்னாள்.

எனக்குத்தான் புதுக் கவலை. அப்பா ஓர் அப்பாவி. இந்த நிலைமையில் அம்மாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவள் திரும்பி வருவாளா? பெரியம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், அப்பா தனியாக பஸ் ஏறுவார். டிசிக்கு அரைப் பரீட்சை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாள். மறுநாள் மத்தியானம் அம்மா பெட்டியில் அடுக்கியபோது, எனக்கு எத்தனை துணி வைக்கிறாள் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். ஸ்கூல் யூனிபாரத்தை எடுத்து வைத்துவிட்டால் தீர்ந்தது என்று எனக்குள் ஒரு கணக்கு. அவள் யூனிபாரத்தைக் கையில் எடுத்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கொடியிலேயே போட்டாள். அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கு அமாவாசை. அந்தப் பக்கத்தில் தீபாவளியை ஒட்டிக் கௌரி நோன்பு எடுப்பார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த வழக்கம் கிடையாது. நல்ல நாளில் வாயில் வரக் கூடாத பேச்சு பேசிவிட்டோம், நோன்புக்கு நீயும் வந்து உட்கார் என்று வீட்டுக்காரம்மா முந்தின நாளே அம்மாவைக் கூப்பிட்டிருந்தார். பஸ்ஸுக்குக் கிளம்புகிற சேலையோடு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள்.

கூடத்தில் தெருப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கலசத்துக்கு முன்னால் வாழைப்பழம், வெற்றிலை, மஞ்சள் கிழங்கு, அடுக்கி வைத்த அதிரசம். பூஜை முடிந்து கற்பூரம் காட்டியதும் வீட்டுக்காரம்மா ஒவ்வொருத்தர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அதிரசம். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். வாசலில் அப்பா ரெக்ஸின் பையை வைத்துக்கொண்டு, நேரமாகிறது என்று கண்ணால் ஜாடை காட்டினார்.

வீட்டுக்காரம்மா அம்மாவின் முன்னால் வந்து கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"தோ பாரு. நோம்பு ஒரு வருஷம் எடுத்தா வுடக் கூடாது. வருஷா வருஷம் இந்த எடத்துல வந்து உக்காரணும். நீ ஊருக்குப் போறவ. வேணாம்னா பூ மட்டும் வெச்சிகினு போ, ஒண்ணும் தப்பில்ல."

கூடத்தில் எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அப்பா பையைத் தோளில் மாட்டப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் என் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா வாசலில் நிற்கிற அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"கட்டுங்கக்கா," என்றாள். "ஊருக்குப் போய்த் தலையக் காட்டிட்டு, நாலு நாள்ல வீட்டுக்கு வந்துருவேன்."

அதற்குப் பிறகுதான் நான் அந்த அதிரசத்தை வாயில் வைத்தேன்.